பதுளையில் இருந்து போட்ட சுவிட்ச்

சேசு மரி சூசை காவல்

கறுக்கமலைத் தோட்டம்,
நமுனுகுல.
12.11.1986

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் மாணிக்கராஜ் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கை புருஷன் யாகோப்பு பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை நேசராணியும் பிள்ளை றீட்டாவும் இங்கே நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் பொய் சொன்ன பாவம் சேரும் என்பதால், உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுடைய சுகத்தையும் அக்காவுடைய சுகத்தையும் பிள்ளைகளுடைய சுகத்தையும் தேவமாதா பார்த்துக்கொள்வாளாக. எங்களைப் பார்க்க அவளுக்கு இப்போது நேரம் இல்லை போலிருக்கிறது.

நேசராணி எழுதியதற்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து நீங்கள் போட்ட பதில் கடிதம் கிடைத்தது. "விசாரணையில் அவர்கள் சொல்லச் சொல்வதைச் சொல்லிவிட்டு வேலையையும் வீட்டையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை" என்று புத்தி சொல்லியிருந்தீர்கள். நல்ல புத்தி. நேசராணி அதை அடுப்படியில் நின்றுகொண்டு எனக்குக் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்தப் புத்திப்படி நடக்க முடியாமல் போன சங்கதியைத்தான் கீழே எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கவும்.

நீங்கள் சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்த வேலை இது என்பதை நான் மறக்கவில்லை. தோட்டத்துச் சனம் 'கரண்ட் மடுவம்' என்று சொல்கிற இந்தச் சப்ஸ்டேஷனில் பெரிய கரண்ட் வந்து சின்னக் கரண்டாகி, சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலை ஸ்டோருக்கும், டிஸ்பென்சரிக்கும், தொரை பங்களாவுக்கும் போகிறது. சனம் குடியிருக்கிற லயங்களுக்குப் போவதில்லை. மடுவத்தின் சுவரோடு ஒட்டிய லயத்தில்கூட இன்னும் குப்பி விளக்குத்தான். டிரான்ஸ்போமர் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், உறுமிக்கொண்டே இருக்கும். நம்ம றீட்டா அந்த உறுமலைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். இந்த மடுவத்துச் சுவிட்சைப் போடுவதும் எடுப்பதும், சூடு பார்ப்பதும், எண்ணெய் பார்ப்பதும், பதுளைக்குப் போன் பண்ணிச் சொல்வதும்தான் என் வேலை. பெருமைப்படுகிற வேலை இல்லை. ஆனால் ஒரு நாற்காலி இருந்தது.

ஜூலை மாதம் எங்கள் கம்பெனி, அதாவது ஊவா மலைத்தோட்ட மின் விநியோகக் கம்பெனி, எங்கள் கிழட்டுச் சப்ஸ்டேஷனுக்கு ஒரு பெட்டியை அனுப்பிவைத்தது. பெட்டி என்றால் கல்யாண வீட்டு அலுமாரி அளவு இரும்புப் பெட்டி. லொறி வளைவில் திரும்ப மாட்டேன் என்று நின்றுவிட்டதால், ஆம்பளைகள் தோள் கொடுத்துச் சுமந்து வந்தார்கள். எதிரே வந்த ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார், பிரேதம் போகிறது என்று நினைத்துவிட்டாராம். மனுஷன் நினைத்ததில் பெரிய பிழை இல்லை. யாருடைய பிரேதம் என்பதுதான் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

கம்பெனிச் சுப்பரின்டன் புஹாரி ஐயா கூடவே வந்து விளக்கம் சொன்னார். "யாகோப்பு, இனி இந்த மடுவத்துக்குக் கண்ணும் காதும் வாயும் வச்சாச்சு. இங்க நடக்கிறதெல்லாம் பதுளையில விளக்கா எரியும். சுவிட்சைப் போடணுமா, எடுக்கணுமா, பதுளையில பொத்தானை அமுக்கினாச் சரி."

"அப்போ நான் என்னங்க ஐயா செய்யிறது?"

"நீங்க பெட்டியைப் பார்த்துக்கங்க."

"பெட்டி என்னத்தப் பார்க்கும்?"

"சப்ஸ்டேஷனப் பார்க்கும்."

பெட்டி வைக்க என் நாற்காலி இருந்த இடம்தான் தோதாம். நாற்காலி பெட்டரி அறைக்குப் போனது. அன்று தொடக்கம் பெட்டி சப்ஸ்டேஷனைப் பார்த்தது, நான் பெட்டியைப் பார்த்தேன், நேசராணி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை, உங்கள் கூடப் பிறந்தவள்தானே.

முதல் தொல்லை கதவால் வந்தது. கதவைத் திறந்தால் பதுளையில் மணி அடிக்கும். அங்கே விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஹுமைத் என்கிற இளந்தாரி, கொழும்பில் பயிற்சி எடுத்து வந்தவர், போன வருஷம்தான் கல்யாணம் முடித்தவர், மரியாதையான பிள்ளை. மணி அடித்தவுடன் எனக்குப் போன் எடுப்பார். "யாரோ உள்ள வந்திருக்கு, யாரது?" "நான்தான் தம்பி." "நான்தான் எண்டா யாரு?" "யாகோப்பு." "யாகோப்பு அண்ணனா? அப்ப சரி. ஆனா இனி உள்ள வர முந்திச் சொல்லிட்டு வாங்க." நியாயம்தான். ஆனால் போன் இருப்பது கதவுக்கு உள்ளே. ஆகையால் நான் ஒவ்வொரு தரமும் மலை இறங்கி ஸ்டோருக்குப் போய், அங்கிருந்து பதுளைக்குப் போன் பண்ணி, "இப்போ கதவைத் திறக்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டு, மறுபடி மலை ஏறி வந்து திறப்பேன். வந்து சேர்வதற்குள் ஹுமைத் தம்பி மறந்துபோய், மறுபடி போன் எடுத்து "யாரது?" என்பார்.

அடுத்தது பல்லி. பெட்டிக்குள் ஒரு பல்லி குடியேறி, எந்தக் கம்பியைத் தொட்டதோ, டிரான்ஸ்போமர் கொதிக்கிறது என்று பெட்டி பதுளைக்குக் கோள் சொல்லிவிட்டது. பதுளையில் கரண்ட்டை எடுத்துவிட்டார்கள். டிரான்ஸ்போமரோ கைவைத்தால் குளிர்கிறது. ஸ்டோரில் வாடப்போட்ட கொழுந்தெல்லாம் புழுங்கி நாறி, தொரை என் பரம்பரையை இங்கிலீஷில் விசாரித்தார். கம்பெனிக் கந்தோரில் இருந்து காரணம் கேட்டுக் கடிதம்: பூட்டிய கதவுக்குள் பல்லி வந்தபோது ஏன் மணி அடிக்கவில்லை? பல்லி கதவைத் திறக்கவில்லை ஐயா, என்று பதில் எழுதிப் போட்டேன். திமிர்ப் பேச்சு என்று பைலில் எழுதிவைத்திருப்பதாகக் கேள்வி.

மூன்றாவதுதான் வினை. பெட்டியில் ஒரு சாவி உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் சுவிட்ச் எங்கள் கைக்குள், மறுபக்கம் திருப்பினால் பதுளையின் கைக்குள். ஒரு தரம் சுவிட்சின் பிரேக்கருக்கு எண்ணெய் போடுவதற்காக எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, திருப்பி வைக்கப் பிந்திவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பதுளையில் யாரோ பெரியவருக்குப் பெட்டியின் மகிமையைக் காட்டப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள், இங்கே ஒன்றும் அசையவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே ஜீப்பில் வந்து, சாவியைப் பதுளைப் பக்கம் திருப்பிவைத்து, கையோடு கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இனி இந்தச் சுவிட்சைக் கையால் இறக்கலாம். ஆனால் பதுளை ஏற்றினால் ஏறும்.

மச்சான், இதுக்கு மேல என்னால கந்தோர்த் தமிழ்ல எழுத ஏலாது. வாய்ல வர்ற மாதிரியே எழுதுறேன், பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க.

போன மாச முதல் கிழமையில இங்க விடாத மழை. ஒரு காலையில, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிஞ்சு சனம் மலைக்கு ஏறுற நேரம், ஒரு சவுக்கு மரம் முறிஞ்சு லைன் மேல விழுந்துச்சு. கரண்ட் தானா விழுந்துருச்சு. கரண்ட் கம்பி ஒரு பக்கம் தொங்குது, டெலிபோன் கம்பியும் அறுந்து தேயிலைக்குள்ள கிடக்கு. பெட்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, ஏன்னா அது கம்பியில பேசுறதில்ல, கூரையில வச்ச ஏரியல் வழியா ஆகாசத்துல பேசுது. மனுசன் பேசுற வழி அடைஞ்சு போச்சு, பெட்டி பேசுற வழி மட்டும் திறந்திருக்கு. நமுனுகுல பஜார்ல இருக்கிற லைன்மேன் ஸலீம் ஒருத்தரும் கூப்பிடாமலே சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்துட்டான். அவன் சுபாவம் அப்படி. "சுவிட்ச எறக்கிட்டீங்களா அண்ணே?"ன்னு கேட்டான். எறக்கிட்டேன்னேன். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே'ன்னு எழுதின சிவப்புப் பலகையை அதுல மாட்டினேன். அவனைக் கூட்டிட்டு வந்து பலகையைக் காட்டவும் காட்டினேன். பதுளைக்குச் சொல்லணுமே, போன் செத்துக் கிடக்கேன்னு ஸ்டோருக்கு ஓடினேன். அங்கயும் செத்துக் கிடக்கு. திரும்பி வந்து, "ஸலீம், பதுளைக்குத் தெரியாதுடா, யாரையாவது அனுப்பிச் சொல்லிட்டு ஏறலாமா"ன்னேன். "மழ விட்டிருக்கிற நேரம் அண்ணே, இத விட்டா இன்னைக்கு ஏற ஏலாது. டிஸ்பென்சரில ஊசி மருந்து ஐஸ் பொட்டிக்குள்ள இரிக்கி, கரண்ட் இல்லாட்டி அது வீணாப் போகும். நீங்க சுவிட்சுகிட்டயே நில்லுங்க, ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க"ன்னான். கம்பியை மண்ணோட சேர்த்து ஒரு சங்கிலியக் கட்டிட்டு, பிஸ்மில்லா சொல்லி ஏறினான்.

நான் ஒருத்தரையும் கிட்ட விடல மச்சான். கதவுல நின்னா அவன் கம்பத்துல தெரியுறான், திரும்பினா சுவிட்ச் தெரியுது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே நின்னேன். அதே நேரம் தொரை ஜீப்பை எடுத்துக்கிட்டு, போன் வேலை செய்யிற தோட்டம் எதுன்னு தேடிப் போய், கரண்ட்டைப் போடுங்க, கொழுந்து கெட்டுப் போகுதுன்னு பதுளைக்கு ஏசியிருக்கார். இது எனக்குத் தெரியாது. பதுளையில விளக்குக் கணக்கு வேற மாதிரி. சிவப்பு எரிஞ்சா கரண்ட் ஓடுது, பச்சை எரிஞ்சா ஓடல. ஹுமைத் பார்த்திருக்கார், கறுக்கமலை பச்சை. மழைக்கு அடிக்கடி இப்படிச் சுவிட்ச் விழும், திரும்பப் போட்டா விழாம நிக்கும். பலகை மாட்டியிருக்கிறது எந்த விளக்குலயும் எரியாது. அமுக்கிட்டார்.

சுவிட்சோட கை, மச்சான், சிவப்புப் பலகை அதுல தொங்கிக்கிட்டே இருக்க, ஒருத்தரும் தொடாம, என் கண்ணு முன்னால தானா எழும்பிச்சு. வெளியில நீலமா ஒரு வெளிச்சம். மலை பிளந்த மாதிரி சத்தம். சங்கிலி கரண்ட்டை மண்ணுக்குள்ள இழுத்துருச்சு, சுவிட்ச் விழுந்துருச்சு. நான் "ஸலீம்!"னு கத்தி வாய மூடல, அந்தக் கை மறுபடி எழும்புது. பெட்டிக்கு அப்படிப் பழக்கிக் குடுத்திருக்காங்க. விழுந்தாத் திரும்பப் போட்டுப் பாரு, அதுவும் விழுந்தா இன்னொரு தரம் போட்டுப் பாருன்னு. பொறுமையான பெட்டி. எனக்குப் பொறுமை இல்ல. பெட்டரி அறைக்குள்ள பாய்ஞ்சு, பெட்டிக்குப் போற வயரை ரெண்டு கையாலயும் பிச்சு எடுத்தேன். பெட்டியோட கண்ணெல்லாம் அணைஞ்சு போச்சு. கந்தோர்ப் பாஷையில இதுக்குப் பேரு 'கம்பெனிச் சொத்துக்குச் சேதம்'.

வெளியில வந்து பார்த்தா கம்பத்துல ஆள் இல்ல. சத்தத்துல ஏணியோட சரிஞ்சு தேயிலைச் செடிக்குள்ள விழுந்து கிடக்கான். உயிர் இருக்கு, தொடை எலும்பு போச்சு. கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க ஓடி வந்து, இடுப்புல கட்டின படங்குச் சாக்கை அவுத்து அதுல வச்சுத் தூக்கி, கொழுந்து லொறியில ஏத்தினாங்க. அவன் முகம் சாம்பலாப் போயிருக்கு, அந்த நேரத்துலயும், "மெதுவாத் தூக்கச் சொல்லுங்க அண்ணே, கொழுந்து கசங்கினாத் தொர ஏசுவார்"னு சொல்றான். பொம்பளைங்க சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியாம ரெண்டையும் செஞ்சாங்க. நான் பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டே போனேன்.

அங்க அவன் பெண்சாதி நூருல் இனாயா கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தா. சத்தம் போடல, ஏசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "நீங்க எங்க நின்டீங்க?" சுவிட்ச் பக்கத்துலதாம்மான்னேன். ஏசியிருந்தாத் தேவல மச்சான். சுவிட்ச் பக்கத்துல நின்ன ஆம்பளைக்கு என்ன பேரு?

அடுத்த கிழமை புஹாரி ஐயா வீட்டுக்கே வந்தார். நேசராணி குடுத்த தேத்தண்ணியக் குடிச்சார், றீட்டாகிட்ட படிப்பு விசாரிச்சார், அப்புறம் குரலை இறக்கினார். "யாகோப்பு, விசாரணை வருது. ஸலீம் உங்ககிட்ட சொல்லாம ஏறினான்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெட்டியிலயும் குத்தம் இல்ல, ஹுமைதிலயும் குத்தம் இல்ல, உங்களிலயும் குத்தம் இல்ல. நீங்க இந்த வீட்டுலயே இருந்துக்கலாம், காவல்காரனாப் போட்டுத் தாறேன்." கெட்ட மனுசன் இல்ல அவர், அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க முடியாம கோப்பையைத்தான் பார்த்தார். "ஸலீமுக்கு என்ன ஆகும் ஐயா?"ன்னேன். "சட்டத்த மீறி ஏறினவன்டு வேலை போகும். காயத்துக்கும் ஒண்ணும் கிடைக்காது." கோப்பையைக் கீழ வச்சுட்டுப் போயிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸலீம்கிட்டயே சொன்னேன். காலைத் தூக்கிக் கட்டி, கல்லுத் தொங்க விட்டிருந்தாங்க. "சொல்லிடுங்க அண்ணே. என்ட கால் ஒடஞ்சது ஒடஞ்சதுதானே, உங்கட வீட்டயும் ஏன் ஒடைக்கிற?"ன்னான். பக்கத்துல இனாயா தோடம்பழம் உரிச்சுக்கிட்டு இருந்தா, கை அப்படியே நின்னுருச்சு. மறுபடி உரிச்சா. ஒரு சுளையை என்கிட்ட நீட்டினா, அதை வாங்கித் தின்னேன் மச்சான்.

அப்போதான் உங்க கடிதம் வந்துச்சு. மனசைத் திடப்படுத்திக்கிட்டேன். உங்க புத்தி, ஸலீமோட சம்மதம், ஐயாவோட வாக்கு, எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்போது நான் மட்டும் என்ன பெரிய மனுசன்? போகும்போது பஸ்ஸுல சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன், "என்கிட்ட சொல்லாம ஏறினான் ஐயா, என்கிட்ட சொல்லாம ஏறினான் ஐயா"ன்னு. பக்கத்து சீட்டுக்காரர் எழும்பி வேற சீட்டுக்குப் போயிட்டார்.

விசாரணைக்குக் கொழும்பில இருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, புஹாரி ஐயாதான் நடுவுல நின்னு மொழிபெயர்த்தார். "லைன்மேன் ஏறினது உனக்குத் தெரியுமா?" இதுதான் கேள்வி. நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸு பூராச் சொல்லிப் பார்த்தது எங்க போச்சுன்னு தெரியல. "தெரியுங்க ஐயா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினான். சுவிட்ச இறக்கினது நான், பலகை மாட்டினது நான்." சொல்லி முடிச்சதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. புஹாரி ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் என்ன சொல்லுவாரோன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன், அந்தளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். ஒரு சொல்லு குறைக்காம அப்படியே சொன்னார், மச்சான். அந்த மனுசன் மேல இருந்த கோவம் அந்த இடத்துலயே போச்சு.

"அப்போ ஏன் பதுளைக்கு அறிவிக்கல?"

"போன் செத்துப் போச்சுங்க."

"போன் செத்துப் போனதை ஏன் அறிவிக்கல?"

"எதுலங்க ஐயா அறிவிக்கிறது? போன்லயா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் பகிடிக்குச் சொல்லல. சிரிப்பு அடங்க முந்தி மூலையில இருந்த ஹுமைத் எழும்பிட்டார். கேள்வி கேக்காமலே, "நான்தான் அமுக்கினேன். பச்சை எரிஞ்சிச்சு. அமுக்கச் சொல்லித்தான் படிச்சுத் தந்தீங்க"ன்னு சொல்லி, பச்சப்பிள்ளை மாதிரி அழுதார். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கல. தேவைப்படல.

முடிவு என்னன்னா, ஸலீமுக்குச் சேர வேண்டியதைக் குடுக்கணும், வேலையிலயும் வச்சுக்கணும்னு எழுதியிருக்காங்க. கால் கொஞ்சம் கட்டையாத்தான் நிக்குமாம். பெட்டியைத் திருத்தி மறுபடி வைப்பாங்களாம். எனக்கு: இந்த மாசக் கடைசியோட கறுக்கமலைக்கு ஆள் தேவையில்லை, குவாட்டஸை ஒப்படைக்கவும். நேசராணிகிட்ட சொன்னேன். அலுமாரிக்கு மேல இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினா. உங்க தங்கச்சி சண்டை பிடிக்காம இருந்தது கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து இதுதான் முதல் தரம்.

ஆகையால் மச்சான் அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், மாதக் கடைசிக்குள் தெரிந்த லொறி ஒன்றை அனுப்பி நேசராணியையும் றீட்டாவையும் சாமான்களோடு கொழும்புக்கு எடுத்துக்கொள்ளவும். நான் பூனாகலையில் என் தமக்கை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கிக்கொள்கிறேன். இந்த வயதில், கரண்ட் வேலை தெரிந்த ஒருவன், கரண்ட் இல்லாத லயத்தில் யாருக்கும் தேவைப்படமாட்டான். தங்கள் புத்தியைக் கேளாததற்கு மன்னிக்கவும். தங்கள் வீட்டு வாசலை எந்தக் கெடுதியும் மிதியாமல் பரிசுத்த மாதா காத்தருளட்டும். அக்காவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை நம்பியிருக்கும்,
யாகோப்பு

பி.கு.: லொறி அனுப்ப வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். மழைக்கு ரோட்டுச் சரிஞ்சு தபால் போகாம ரெண்டு கிழமையா இந்தக் கடிதம் ஒட்டினபடியே கிடந்துச்சு, அதைப் பிரிச்சுத்தான் இதை எழுதுறேன். ஹுமைத் வேலையை விட்டுட்டு பண்டாரவளையில மாமனாரோட புடவைக் கடைக்குப் போயிட்டார். அவர் நாற்காலிக்கு ஆள் இல்லாம, பெட்டியைப் பற்றித் தெரிஞ்சவன் யாருன்னு தேடி, ரோட்டுத் திறந்ததும் புஹாரி ஐயா ஜீப்போட வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். பதுளையில வீடும் தந்திருக்காங்க, தண்ணிக் குழாய் உள்ளுக்கே இருக்கு. நேசராணி மறுபடி சண்டை பிடிக்க ஆரம்பிச்சுட்டா, சந்தோசமா இருக்கா. றீட்டாவுக்கு மட்டும் உறுமல் சத்தம் இல்லாம நித்திரை வரலையாம்.

இப்போ அந்த விளக்குகளுக்கு முன்னால உட்கார்ந்துதான் எழுதுறேன். எல்லாம் சிவப்பு, மடுல்சீமைப் பக்கத்துல ஒண்ணு மட்டும் காலையில இருந்து பச்சை. அங்க மடுவத்துல இப்போ ஆள் இல்ல, போனையும் யாரும் எடுக்கல. தோட்டத்துத் தொரை விடாம ஏசுறார். கம்பத்துல யாராவது இருக்காங்களாங்கன்னு கேட்டா, "எனக்கெப்படித் தெரியும், பார்க்கிறதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு"ங்கிறார். ஆள் அனுப்பியிருக்கேன், ரோட்டு அப்படி, போய்ப் பார்த்துச் சொல்லப் பொழுது சாயும். பொத்தான் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு. கை சும்மா இருந்தா அந்தப் பக்கம் போயிருமோன்னு பயந்துதான் இந்தப் பின்குறிப்பை நீட்டி எழுதிக்கிட்டிருக்கேன். இன்னும் பச்சையாத்தான் இருக்கு. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. அக்காவோட மூட்டு வலி எப்படி இருக்கு? கொட்டாஞ்சேனையில மழையா? அங்க அரிசி நல்லதாக் கிடைக்குதா?